இரவு இரண்டு பத்து

கோர்ட் பிலிப்பியுக் கொடுத்த டிரான்ஸ்ஃபார்மர் ஒன்பது கிலோ.
மூடிப்போன ஒரு தியேட்டரின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து
கழற்றியதாம்.
ஹாமில்டனில் ஜனவரி. துண்டில் சுற்றி
மடியில் வைத்தபடி பேருந்தில் வந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்:
வான்கோழியா?
ஆமென்றேன்.

உருக்காலை எங்களை வீட்டுக்கு அனுப்பிய குளிர்காலம்.
இரவுப்பணி மட்டும்
உடம்பை விட்டுப் போகவில்லை.
வாடகை வீட்டின் நிலவறையில்
அலுமினியப் பெட்டிக்கு ஓட்டை போட்டேன்:
வால்வுக்கு ஐந்து, ஸ்விட்சுக்கு இரண்டு,
தவறுதலாக ஒன்று.
தவறிய ஓட்டையில் இப்போது
சிவப்பு விளக்கொன்று எரிகிறது,
முதலிலிருந்தே திட்டமிட்டதுபோல.

நானூற்று எண்பது வோல்ட்.
அணைத்த பிறகும் கெப்பாசிட்டருக்குள்
ஆறாமல் உட்கார்ந்திருக்கும்.
இரண்டு கையையும் உள்ளே நீட்டினால்
நெஞ்சு வழியாகக் குறுக்குப்பாதை பிடிக்கும்.
அதனால் இடக்கை எப்போதும் சட்டைப்பையில்.

முதல் தடவை போட்டபோது
வால்வுகள் அவசரமில்லாமல் சிவந்தன.
கண்ணாடியின் உட்புறம் நீல மூட்டம்.
பேஸ் கிட்டாரின் ஆகத் தடித்த கம்பியைத் தொட்டேன்.
சலவை இயந்திரத்தின் மேலிருந்த சில்லறை
குதித்தது.
சுரம் அடங்கியது.
அதற்கடியில் ஒன்று அடங்கவில்லை,
தீப்பெட்டிக்குள் குளவி மாதிரி.

வடிகட்டிகளை மாற்றினேன். போகவில்லை.
தரைக்கம்பிகளை எல்லாம்
ஒரே திருகாணியில் கூட்டிக் கட்டினேன். போகவில்லை.
முதல் வால்வைப் பிடுங்கி
வேறு கம்பெனி வால்வைச் செருகினேன்.
வேறு மாதிரியாகப் போகவில்லை.
ஒரு பாவமும் அறியாத மின்தடைகளைக்கூடச்
சந்தேகப்பட்டு வெட்டி எறிந்தேன்.

கிட்டாரோடு சுழல் நாற்காலியில்
சும்மா ஒரு சுற்றுச் சுற்றியபோதுதான்
கொதிகலன் பக்கம் குறைந்தது,
படிக்கட்டுப் பக்கம் கூடியது.
குற்றவாளி பெட்டிக்குள் இல்லை.

மளிகை ரசீதின் பின்புறம் எழுதினேன்:
பதினொன்று ஐந்து, ஆரம்பம். பதினொன்று நாற்பது, நின்றது.
இரண்டு பத்து. இரண்டு ஐம்பது.
ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால்.
மறுநாளும் ஏறக்குறைய அதே.
மூன்று மணிக்கொரு தரம் விழிக்கிற
இயந்திரம் எது?

வெள்ளிக்கிழமை, உப்புத் தூவிய வாசற்படியில்
மேல்வீட்டு இல்டா ஃபெரேரா நின்றாள்.
கோட்டுக்குள் ஒரு கம்பளித் தொப்பி,
தொப்பிக்குள்
பன்னிரண்டு நாள் வயதான முகம்.
பிள்ளைக்குக் கண் கூசுமே என்று
பால் கொடுக்கையில்
விளக்கைத் திருகித் தணித்துக்கொள்கிறாளாம்.
திருகி.
நான் கையில் பால் பையோடு நின்றேன்.
அவள் கேட்டாள்:
கீழே பெரிய ஃபிரிட்ஜ் ஏதாவது இருக்கிறதா?
ராத்திரியில் தரை முனகுகிறதே.
ஆமென்றேன்.

கிட்டாரின் வயிற்றுக்குள் ஒட்டச்
செப்புத் தகடு வரவழைத்திருந்தேன்.
உறையைப் பிரிக்கவில்லை.
இரண்டு பத்துக்குக் குளவி வரும்.
வாசிப்பதை நிறுத்திவிட்டு
ஸ்பீக்கரின் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.
சில இரவு
நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நிற்கும்.
ஏப்பம் வரவில்லை போலிருக்கிறது.

மார்ச்சில் ஒரு நாள்
இரண்டு பத்து ஆனது.
இரண்டரை.
ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தேன்.
முகத்தில் பட்டது வால்வுச் சூடு மட்டும்.
பெட்டியைத் திறந்து
ஒவ்வொரு பற்றையும் சோதித்தேன்,
இடக்கை சட்டைப்பையில்.
எதுவும் அறுந்திருக்கவில்லை.

ரசீதை எடுத்து
இரண்டு பத்து என்று எழுதினேன்.
பக்கத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
ஒரு கோடு போட்டுவிட்டு
தூங்கப் போனேன்.